தியேட்டரில் பார்த்தவனுக்கு ஸ்கோர் போடத் தெரியாதா? ஹேக்லர்–லெனர்ட், அந்தக் கடைசி 30 செகண்ட்

பாஸ்டன்_பழனி

நேற்று பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் பாக்யாவோ பற்றிய இழையில், 1987இல் மார்வின் ஹேக்லரும் ரே லெனர்டும் மோதிய சண்டையை இழுத்து கோவை_சிவா எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்:

"தியேட்டர்ல கூட்டத்தோட ஃபைட் பாக்குற எவனுக்கும் ஸ்கோர் போட வராது. ஹேக்லர்–லெனர்ட் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு ரவுண்டுலயும் கடைசி 30 செகண்ட் லெனர்ட் படபடன்னு கைய வீசுவாரு, தியேட்டர் அலறும், அந்த அலறல்ல ரவுண்ட தூக்கி அவருக்கே குடுத்துட்டு வீட்டுக்கு வந்துருவாங்க. சவுண்ட மூடிட்டுப் பாருங்க, ஹேக்லர்தான் ஜெயிச்சாருன்னு தெரியும்."

இதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சண்டையைத் தியேட்டரில் பார்த்தவன் நான். 1987 ஏப்ரல் 6, திங்கட்கிழமை. அப்போது பாஸ்டனில் படித்துக்கொண்டிருந்தேன். சண்டை லாஸ் வேகாஸில், சீசர்ஸ் பேலஸ் திறந்தவெளியில். வீட்டு டிவியில் நேரலை எங்களுக்கு ஏது? குளோஸ்டு சர்க்யூட் போடும், அதாவது டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் நேரலையைத் திரையில் காட்டும் அரங்கத்துக்குத்தான் போகவேண்டும். பாஸ்டனுக்குத் தெற்கே ஒரு பழைய தியேட்டர். டிக்கெட்டுக்குப் போனது என் ஒரு வார மளிகைக் காசு.

சிவாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஹேக்லரின் ஊர் பிராக்டன். ராக்கி மார்சியானோ பிறந்த அதே செருப்புத் தொழிற்சாலை ஊர். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பக்கம். தியேட்டர் முழுக்க ஹேக்லர் ஆட்கள்! நடு வரிசையில் நாலு சீட்டைக் கழற்றிவிட்டு, மேஜை மேல் மூன்று லென்ஸ் வைத்த புரொஜெக்டர். மூன்று நிறமும் சரியாக ஒட்டாது. ஹேக்லரின் மொட்டைத் தலைக்கு ஒரு ஓரம் சிவப்பு, மறு ஓரம் நீலம். அந்த ஒளிக்குள் சிகரெட் புகை சுருள் சுருளாக ஏறும். எனக்கு முன்னால் ஒரு கிழவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரவுண்டு மணிக்கும் அதைத் திருப்பித் திருப்பி வைப்பார்.

கடைசி 30 செகண்டில் லெனர்ட் கையை வீசும்போது அந்தத் தியேட்டர் அலறவில்லை சிவா. திட்டியது. "அது தட்டுறது, குத்து இல்ல" என்று ஒரே வசவு. கூட்டம் என்னை இழுத்திருந்தால் ஹேக்லர் பக்கம்தான் இழுத்திருக்கும். இழுக்கவில்லை. பஸ் கால அட்டவணையின் பின்பக்கத்தில் ரவுண்டு ரவுண்டாகப் போட்டேன், ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று. 115–113, லெனர்ட். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தியேட்டரில் பார்த்தவனுக்கு ஸ்கோர் போடத் தெரியாது என்று இனி எழுதுவதற்கு முன்னால் யோசித்து எழுதவும்.

கோவை_சிவா

சார், வணக்கம். கதை நல்லா இருக்கு. தொப்பி, புகை எல்லாம் கண்ணு முன்னாடி வருது.

ஆனா ஒரு சின்ன சந்தேகம். போன வருஷம் இதே ஃபைட்ட 15 ரவுண்டுன்னு எழுதினது நீங்கதானே? நான் திருத்தினேன். 12 ரவுண்டு. லெனர்ட் கேட்டு வாங்கின சலுகை அது. 12 ரவுண்டு, பெரிய ரிங்கு, 10 அவுன்ஸ் கிளவுஸ். இதையெல்லாம் குடுத்துட்டு ஹேக்லர் கூடுதலா காசு வாங்கிக்கிட்டாரு. 12 ரவுண்டு ஸ்கோர் போட்ட காகிதத்த கையில வச்சிருக்கறவருக்கு 15 எப்படி சார் வரும்?

காகிதத்த ஃபோட்டோ எடுத்துப் போடுங்க. முடிஞ்சுது.

பாஸ்டன்_பழனி

அது எழுத்துப்பிழை. அன்றே சொல்லிவிட்டேன். 15 என்பது 15 ரவுண்டு ஆடிய முகமது அலி காலத்துப் பழக்கத்தில் கை எழுதியது. ஒரு வருஷமாக அதை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு திரிகிறீர்கள்.

காகிதம் திருச்சியில் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது. நான் இருப்பது சென்னையில்.

கேள்விக்கு வாருங்கள். கடைசி 30 செகண்டில் தியேட்டர் அலறியது என்றீர்கள். எந்தத் தியேட்டர்? யார் அலறியது? அந்த ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கோவை_சிவா

நான் பொறக்கவே இல்ல சார். அதுதான் என் பலம். எந்தக் கூட்டமும் என் காதுல கத்தல.

மக்காட்டி_மோகன்

அண்ணாச்சி ரெண்டு பேருக்கும் வணக்கம். சொந்த ஊரு திருநெல்வேலி, வேலைக்காக மணிலாவுல ஆறு வருஷம் இருந்தேன். 2015 மேவெதர்–பாக்யாவோ சண்டைய அங்க மால் தியேட்டர்லதான் பாத்தேன். லாஸ் வேகாஸ்ல சனிக்கிழமை ராத்திரி, எங்களுக்கு மே 3, ஞாயித்துக்கிழமை பகல்.

அங்க ஏன் தியேட்டருக்குப் போறாங்கன்னா, சும்மா வர்ற டிவி சேனல்ல தாமதமா வரும், ரவுண்டுக்கு ரவுண்டு விளம்பரம் வேற. நீ மூணாவது ரவுண்டு பாத்துக்கிட்டு இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரனுக்கு போன்ல முடிவு வந்துரும். அதனால ஜனங்க காலையிலயே டிபன் பாக்ஸோட வந்து உக்காந்துருவாங்க. எனக்குப் பின் சீட்டுல ஒரு அம்மா, கையில ஜெபமாலை. பிலிப்பைன்ஸ் தேசிய கீதம் வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க. நானும் நின்னேன்.

நாலாவது ரவுண்டுல பாக்யாவோ இடது கை ஒண்ணு விழுந்து மேவெதர் கயித்துல சாஞ்சு கைய மூடிக்கிட்டு நின்னாரு பாத்தீங்களா? அப்ப அந்தத் தியேட்டர் போட்ட சத்தத்துல என் சீட்டு ஆடுச்சு. ஜெபமாலை அம்மா என் தோளப் பிடிச்சு உலுக்குறாங்க. அதுக்கப்புறம் பாக்யாவோ கைய அசைச்சாலே சத்தம்தான். கையுறை மேல பட்டாலும் சத்தம், காத்துல போனாலும் சத்தம். பன்னெண்டு ரவுண்டு முடிஞ்சதும் நம்ம ஆளு ஜெயிச்சுட்டான்னு நான் நெஜமாவே நம்பிட்டேன். தீர்ப்பு 118–110, 116–112, 116–112, மூணும் மேவெதருக்கு. பாக்யாவோவே தான் ஜெயிச்சதாத்தான் நினைச்சேன்னு ரிங்குல வச்சே சொன்னாரு. தியேட்டர்ல ஒருத்தரும் கத்தல. டிபன் பாக்ஸ மூடுற சத்தம் மட்டும்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு ரூம்ல தனியா திரும்பப் பாத்தேன். மேவெதர் ஜெயிச்சதுதான். எட்டு ரவுண்டு அவருக்கு. அதனால சிவா தம்பி சொல்றதுலயும் விஷயம் இருக்கு அண்ணாச்சி.

கோவை_சிவா

மோகன் அண்ணனுக்கு நன்றி. கண்ணால கண்ட சாட்சி வந்தாச்சு. பழனி சார், என்ன சொல்றீங்க?

பாஸ்டன்_பழனி

மோகன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. மோகனைக் கூட்டம் இழுத்துவிட்டது. என்னை இழுக்கவில்லை. ஒருவரால் நீச்சல் அடிக்க முடியவில்லை என்பதால் ஆற்றில் யாராலும் நீந்த முடியாது என்று ஆகிவிடுமா?

நான் கேட்டது ஒன்றே ஒன்று. 1987. கடைசி 30 செகண்ட். தியேட்டர் அலறியதா, திட்டியதா? அதற்குப் பதில் வரவில்லை.

மக்காட்டி_மோகன்

நீச்சல் தெரியாதவன்னு என்னையச் சொல்றீங்களா அண்ணாச்சி? தாமிரபரணிக் கரையில பொறந்தவன் நான். உள்ளத உள்ளபடி சொன்னேன். அதுக்கு இந்தப் பேச்சா?

கலைவாணி_டொராண்டோ

ஒரு கேள்வி கேக்கலாமோ? "ஜெயிச்சது" எண்டு நீங்கள் ஒவ்வொருத்தரும் என்னத்தைச் சொல்லுறியள்? நடுவர்மார் எழுதினதையோ, உங்கட பேப்பரில நீங்கள் எழுதினதையோ? பிறகு ஒரு ரவுண்ட் ஏன் ஒருவருக்குப் போகுது? கூடக் குத்தினவருக்கோ, பலமாய்க் குத்தினவருக்கோ, ரிங்கைத் தன்ர கைக்குள்ள வைச்சிருந்தவருக்கோ? முதல் அதைச் சொல்லிப்போட்டுச் சண்டை பிடியுங்கோ.

மற்றது, வீட்டில பாக்கிறதுதான் சரி எண்ட சிவா தம்பிக்கு: 2017 ஓகஸ்ட் 26, மேவெதர்–மக்ரெகர். நான் தியேட்டரில பாத்தனான். அண்டைக்கு அமெரிக்காவில இணையத்தில காசு கட்டினவையில எத்தினையோ பேருக்குப் படமே வரேல்லை. சுத்துற வட்டத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவை. எங்களுக்கு ஒரு செக்கன் கூட நிக்கேல்லை. பத்தாம் ரவுண்டில மத்தியஸ்தர் நிப்பாட்டினதைச் சனத்தோட சேர்ந்து எழும்பி நிண்டு பாத்தனான். பக்கத்தில இருந்த ஒருத்தர் "உங்கட அவர்தானோ கூட்டிக்கொண்டு வந்தவர்?" எண்டு கேட்டார். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனனான். அவர் மூண்டாம் ரவுண்டிலயே நித்திரை.

பாஸ்டன்_பழனி

மேவெதர்–மக்ரெகரை எல்லாம் இங்கே கொண்டுவராதீர்கள் அம்மா. மக்ரெகருக்கு அது முதல் தொழில்முறை குத்துச்சண்டை. 49 சண்டையில் தோற்காதவர் முன்னால் அறிமுக ஆட்டக்காரர். அதை ஹேக்லர்–லெனர்ட் இழையில் பேசுவதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கலைவாணி_டொராண்டோ

தியேட்டரில சனத்தோட பாக்கிறதைப் பற்றித்தானே கதைக்கிறம்? என்ர தியேட்டர் தியேட்டர் இல்லையோ? உங்களுக்கு 1987இல பாத்தால் மட்டும்தான் கணக்கோ, ஐயா?

என்ர கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

கோவை_சிவா

அக்கா, அன்னைக்கு ஸ்ட்ரீம் புட்டுக்கிச்சு, ஒத்துக்கறேன். அது டெக்னிக்கல் கோளாறு. அதுக்கும் ஸ்கோருக்கும் சம்பந்தம் இல்ல.

பழனி சார், இந்தாங்க. ஹாரி கிப்ஸ். பெரிய இங்கிலீஷ் ஜட்ஜ். ஹேக்லர்–லெனர்ட்டுக்கு உக்கார வேண்டியவரு. கடைசி நேரத்துல அவருக்குப் பதிலா மெக்ஸிகோக்காரர் ஜோ ஜோ குவெரா வந்தாரு. குவெரா போட்டது 118–110 லெனர்ட்டுக்கு. பத்து ரவுண்டு! சிரிக்கறதா அழறதா? கிப்ஸ் என்ன பண்ணாரு? டிவியில பாத்தாரு. ஹேக்லர் ஜெயிச்சாருன்னு சொன்னாரு. கூட்டத்து நடுவுல உக்காந்த குவெராவுக்கு 118–110, வீட்ல உக்காந்த கிப்ஸுக்கு ஹேக்லர். என் கட்சி மொத்தமும் இந்த ஒரு வரியில இருக்கு.

பாஸ்டன்_பழனி

கிப்ஸ் வேண்டாம் என்று சொன்னது யார்? அதையும் எழுத வேண்டியதுதானே? ஹேக்லரின் ஆட்களே! அவருடைய பயிற்சியாளர்கள் பெட்ரோனெல்லி தரப்புதான் இங்கிலீஷ்காரர் வேண்டாம், மெக்ஸிகோக்காரர் வரட்டும் என்று கேட்டது. தன் கையால் தூக்கி எறிந்த தேங்காய் தன் தலையில் விழுந்தது.

ஜட்ஜுகள் மூன்று பேரும் ஒரே ரிங் ஓரத்தில்தான் உட்கார்ந்தார்கள், ஒரே கூட்டம்தான் மூன்று பேர் காதிலும் கத்தியது. லூ ஃபிலிப்போ 115–113 ஹேக்லர். டேவ் மொரெட்டி 115–113 லெனர்ட். குவெரா 118–110 லெனர்ட். கூட்டம்தான் ஸ்கோர் போடும் என்றால் ஃபிலிப்போ காதில் பஞ்சா வைத்திருந்தார்?

கிப்ஸ் டிவியில் பார்த்தபோது சவுண்டை மூடினாரா? மூடினார் என்று யாராவது சொன்னார்களா? மூடவில்லை என்றால் அவர் வீட்டில் வர்ணனையாளர் பேசிக்கொண்டிருப்பார், சீசர்ஸ் பேலஸ் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். அப்புறம் உங்கள் கட்சி எங்கே நிற்கிறது?

ராயபுரம்_டேவிட்

மொரெட்டி பேரப் பாத்ததும் ஞாபகம் வந்துச்சு. மோகன் சொன்ன மேவெதர்–பாக்யாவோல 118–110 போட்டதும் அதே மொரெட்டிதான். 1987லயும் அவரு, 2015லயும் அவரு. ரெண்டு தபாவும் ஆடிக்கினே தள்ளிப் போறவனுக்குத்தான் அவரு ஓட்டு.

ராயபுரத்துல எங்க தாத்தா காலத்துல இருந்து குத்துச்சண்ட. தாத்தா சொல்வாரு: ஜனம் கத்துனா காது கேக்கும், கண்ணு எதுக்குக் கெடணும்? பொழுது சாஞ்சு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நடக்கும், ஜனம் ரிங்கு மேலயே வந்து விழும், அப்பவும் யாரு அடிச்சான் யாரு வாங்குனான்னு பெருசுங்களுக்குத் தெரியும். தியேட்டருல பாத்தா தெரியாதான்னா?

ஈப்போ_ராஜு

எல்லாம் திரைய பாத்துட்டு வந்து சண்ட போடுறீங்க லா. நான் நேர்ல பாத்தவன். 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியம், அலி–பக்னர். எனக்குப் பதினோரு வயசு. அப்பா தோள்ல தூக்கி வச்சிக்கிட்டாரு. 15 ரவுண்டு, அலி பாயிண்ட்ல ஜெயிச்சாரு. அந்த வேர்வ வாசம் உங்க தியேட்டர்ல வருமா?

இன்னொன்னு. அந்தக் காலத்துல சண்ட நேரத்தையே தியேட்டர்காரனுக்காகத்தான் வச்சான். 1974ல கின்ஷாசால அலி–ஃபோர்மேன் விடியக்காலை 4 மணிக்கு. அந்த நேரத்துல எந்த ஊர்ல சண்ட வைப்பான்? அமெரிக்காக்காரன் ராத்திரி சாப்பிட்டுட்டு தியேட்டர்ல உக்காரணும், அதுக்கு. மணிலால அலி–ஃப்ரேசியர் பகல் பதினோரு மணி வாக்குல, கொதிக்கிற சூட்டுல. 14 ரவுண்டு முடிஞ்சி ஃப்ரேசியர் ஸ்டூல விட்டு எந்திரிக்கல, அவரு பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் விடல. அந்த ரெண்டு பேரும் அப்படி வெந்தது உங்க தியேட்டர் டிக்கெட்டுக்காக லா.

ராயபுரம்_டேவிட்

அலிய நேர்ல பாத்தது நீங்க மட்டும்தானா அண்ணே? 1980ல மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துல அலி வந்து ஜிம்மி எல்லிஸோட ஆடுனாரு. எம்.ஜி.ஆர். வந்திருந்தாரு. எங்க தெருவே போச்சு.

ஈப்போ_ராஜு

அது கண்காட்சி ஆட்டம் தம்பி. பட்டம் வச்சி ஆடுனது எங்க ஊர்ல.

ராயபுரம்_டேவிட்

கண்காட்சின்னு எங்களுக்கும் தெரியும். அந்த மனுசன் எங்க ஊரு மண்ண மெதிச்சாரு, எங்க பெருசுங்க அவரு கையப் புடிச்சாங்க. அத்தக் கொறச்சுப் பேசாதீங்க.

பாஸ்டன்_பழனி

அலியைப் பற்றித் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே பேசுவது ஹேக்லர்–லெனர்ட். கடைசி 30 செகண்ட்.

சிவாவுக்கு இன்னும் ஒரு கேள்வி. 5ஆம் ரவுண்டு. முடியப்போகிற நேரத்தில் ஹேக்லர் கீழிருந்து ஒரு அப்பர்கட் விட்டார். லெனர்ட் முழங்கால் மடங்கியது. கயிற்றில் சாய்ந்தபடி மணி அடிக்கக் காத்திருந்தார். அந்த ரவுண்டின் கடைசி 30 செகண்ட் யாருடையது? ஹேக்லருடையது! எங்கள் தியேட்டர் அப்போதுதான் அலறியது. எனக்கு முன்னால் இருந்த கிழவர் தொப்பியைத் தூக்கிப் போட்டார், அது புரொஜெக்டர் ஒளியில் மாட்டி, லெனர்ட் முகத்தின் மேல் பெரிய கறுப்பு நிழலாக ஒரு நொடி நின்றது. அந்த ரவுண்டை நான் ஹேக்லருக்குத்தான் கொடுத்தேன். அலறலுக்காக இல்லை, அந்த அப்பர்கட்டுக்காக.

முதல் இரண்டு ரவுண்டு? ஹேக்லர் இடதுகைக்காரர். அன்று வலதுகைக்காரர் மாதிரி நின்று ஆடினார். ஏன் நின்றார் என்று இன்றுவரை எனக்கு ஆற்றாமை. அதில் 30 செகண்ட் எங்கே வந்தது? மூன்று நிமிஷமும் லெனர்ட்டுடையது. தியேட்டரில் ஈ பறந்தால் கேட்கும். அவ்வளவு அமைதி. அப்படி வாயடைத்துப்போன தியேட்டரில் இருந்துகொண்டுதான் லெனர்ட்டுக்கு 10–9 எழுதினேன். அந்த அமைதியிலும் கூட்டம் என்னை இழுத்ததா?

கோவை_சிவா

சார், லெனர்ட் கார்னர்ல, அதாவது ரிங் மூலையில நிக்கிற அவரு ஆளுங்கள்லயே ஒருத்தர் 30 செகண்ட் இருக்குன்னு கத்திச் சொல்வாரு, உடனே இவரு கைய வீச ஆரம்பிப்பாரு. இது நான் கட்டின கதை இல்ல, ஊருக்கே தெரியும். ஜட்ஜு கண்ணுல கடைசியா பட்டது மனசுல நிக்கும்னு கணக்குப் போட்டு ஆடின ஆட்டம். திருட்டுன்னு சொல்ல மாட்டேன், கெட்டிக்காரத்தனம். ஆனா அதுல விழுந்தவங்க விழுந்தவங்கதான். நீங்களும் விழுந்தீங்க.

நீங்க வேற மாதிரி விழுந்தீங்க, அவ்வளவுதான். தியேட்டரே ஹேக்லர்னு கத்தும்போது நான் மட்டும் தனி ஆளுன்னு ஒரு வீம்பு வருமில்ல? அதுலதான் லெனர்ட்னு எழுதினீங்க. அதுவும் கூட்டம் பண்ணின வேலைதான்.

பாஸ்டன்_பழனி

கூட்டத்தோடு சேர்ந்தால் கூட்டம் இழுத்தது. சேராவிட்டால் வீம்பு. அப்படியென்றால் தியேட்டரில் பார்த்த ஒருவன் எதை எழுதினாலும் உங்களுக்குத் தப்பு. இந்த வழக்கில் நான் என்ன சாட்சி கொண்டுவந்தாலும் தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டீர்கள். நேராக அப்படிச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஹேக்லர் எனக்கு யார் தெரியுமா? 1985 ஏப்ரலில் ஹெர்ன்ஸோடு எட்டு நிமிஷம் அடித்துக்கொண்டாரே, மூன்றாம் ரவுண்டில் முகமெல்லாம் ரத்தத்தோடு முடித்தாரே, அதைப் பார்த்த நாளிலிருந்து என் ஆள் அவர். என் அறையில் அவர் படம் ஒட்டியிருந்தேன். 2021 மார்ச்சில் இறந்துபோனார் என்று செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. நான் லெனர்ட் ரசிகன் இல்லை! என் ஆள் தோற்றார் என்று என் கையால் எழுத வேண்டியிருந்தது. பஸ் அட்டவணையில் 12ஆம் ரவுண்டைப் போட்டு, கூட்டி, இரண்டாம் தடவை கூட்டி, மூன்றாம் தடவை கூட்டினேன். 115–113. தீர்ப்பு வந்ததும் தியேட்டரில் நாற்காலியை உதைத்தார்கள், ஒருவர் வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாரிடமும் காட்டாமல் பஸ் ஏறினேன். வீம்பு என்றா சொல்கிறீர்கள் அதை?

மக்காட்டி_மோகன்

அண்ணாச்சி, நீச்சல் பேச்ச நான் மறக்கல. ஆனா அழுதவரப் பத்தி எழுதினது மனசத் தொட்டுச்சு.

கோவை_சிவா

சார், மரியாதையோட சொல்றேன். ஹேக்லர் உங்க ஆளுன்னா வருத்தம் எனக்கும் உண்டு. அந்த மனுஷன் 1982ல கோர்ட்டுக்குப் போய் பேரையே மார்வலஸ்னு மாத்திக்கிட்டவரு. லெனர்ட்டோட தோத்ததுக்கப்புறம் திரும்ப ரிங்குக்கே வரல. இத்தாலிக்குப் போயிட்டாரு. அவரு சாகற வரைக்கும் தான் ஜெயிச்சதாத்தான் சொன்னாரு. உங்க காகிதம் அவரவிட மேலா?

9ஆம் ரவுண்டு போட்டுப் பாருங்க. லெனர்ட்ட மூலையில மாட்டி வச்சு ஹேக்லர் அடிக்கிறாரு. லெனர்ட் கைய வீசி வெளிய வர்றாரு. திரும்ப மாட்றாரு. திரும்ப வீசறாரு. ரவுண்டு யாருக்கு?

பாஸ்டன்_பழனி

எனக்கு லெனர்ட். நூலிழையில். மூலையில் மாட்டியது ஹேக்லர், ஆனால் அந்த மூலையில் சுத்தமாக விழுந்த குத்து லெனர்ட்டுடையது. எண்ணிக்கைக் கணக்கையும் பாருங்கள்: மொத்தச் சண்டையில் ஹேக்லர் விட்டது 792, விழுந்தது 291. லெனர்ட் விட்டது 629, விழுந்தது 306. குறைவாக விட்டு அதிகமாகப் போட்டவர் யார்?

கோவை_சிவா

அந்த 306ல எத்தன கடைசி 30 செகண்ட்ல விழுந்த தட்டு?

கலைவாணி_டொராண்டோ

தட்டுக்கும் குத்துக்கும் என்ன வித்தியாசம் எண்டு சொல்லுங்கோவன் முதல். இப்ப மூண்டாந்தரம் கேக்கிறன்.

ஈப்போ_ராஜு

நேர்ல பாத்தா தெரியும் லா. சத்தத்துலயே தெரியும். தட்டு "டப்"புனு கேக்கும், குத்து கேக்காது, ஆளு மூச்சு விடுறதுதான் கேக்கும்.

ராயபுரம்_டேவிட்

இது சரி. இதுல ராஜு அண்ணன் பக்கம் நான்.

பாஸ்டன்_பழனி

நேற்று இரவு முழுக்க உட்கார்ந்தேன். 9ஆம் ரவுண்டை ஆறு தடவை பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி. 1 நிமிஷம் 10 செகண்டில் ஒரு தடவை, 2 நிமிஷம் தாண்டி இரண்டு தடவை, மூலையில் ஹேக்லரின் இடது கை லெனர்ட்டின் முழங்கை மேல் விழுகிறது. உடம்பில் இல்லை, முழங்கை மேல். தியேட்டரில் அந்தப் பெரிய திரையில் அன்று அது எனக்குத் தெரிந்தது. இந்தச் சின்னத் திரையில் நாலாம் தடவைதான் தெரிந்தது. பெரிய திரையில் பார்த்தவனுக்குக் கண் கெட்டுப்போகும் என்றீர்கள். தெளிவாகத் தெரிந்தது எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். சத்தத்தை மூடிவிட்டுத்தான் பார்த்தேன், பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். லெனர்ட் 10–9. மாற்றம் இல்லை.

கோவை_சிவா

சவுண்ட மூடிட்டுப் பாத்தீங்களா? அப்ப நான் சொன்ன வழிக்கு வந்துட்டீங்க சார்! ஸ்கோர் போடணும்னா சவுண்ட மூடணும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

பாஸ்டன்_பழனி

பேரன் தூங்கினான் என்று எழுதியிருக்கிறேன்! மூடியும் லெனர்ட், திறந்தும் லெனர்ட், தியேட்டரிலும் லெனர்ட். சவுண்டை மூடினால் ஹேக்லர் தெரிவார் என்று முதல் பதிவில் எழுதியது நீங்கள். மூடினேன். தெரியவில்லை. இப்போது உங்கள் வாதத்தில் என்ன மிச்சம்?

கோவை_சிவா

கடைசி 30 செகண்ட் மிச்சம். ஆறு தடவ பாத்தேன்னு சொல்றீங்க, 2 நிமிஷம் 30 செகண்டுல இருந்து மணி அடிக்கிற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதலையே?

அப்புறம் அந்தக் காகிதம்?

பாஸ்டன்_பழனி

தை மாதம் திருச்சி போகிறேன். பீரோவின் மேல்தட்டு, என் பட்டமளிப்பு உறைக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுகிறேன். ஒரு பக்கம் பஸ் நேரம், மறுபக்கம் 12 ரவுண்டு. பன்னிரண்டு. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ராத்திரி 11ஆம் ரவுண்டு.

கலைவாணி_டொராண்டோ

நாலாந்தரம் கேக்கிறன்.